ஒரு பல் குறைந்தால் மீட்டர் என்ன சொல்லும்?

“முன்னாடி ஒரு பல் கம்மி பண்ணிப் போடுங்க தம்பி, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்.” சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும், ஏன், எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் பைக் பிரியர்களின் காதில் விழும் வாக்கியம் இது. சொல்வது பொய்யில்லை. இன்ஜினைத் திறக்காமல், பெரிய செலவில்லாமல், ஒரு பைக்கின் குணத்தையே மாற்றிவிட ஸ்ப்ராக்கெட்டைப் போல எளிய வழி வேறில்லை.

ஆனால் அந்த யோசனை பிறந்தது கார்புரேட்டர் காலத்தில். அன்றைய பைக்கில் வேகத்தைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் மின்னணு மூளை எதுவும் கிடையாது. முன் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குப் போகும், அவ்வளவுதான். இன்று நிலைமை வேறு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது, கார்புரேட்டர் பைக்குகள் ஏறக்குறைய மறைந்து, எரிபொருளை அளந்து தெளிக்கும் இ.சி.யூ. எல்லோர் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. கியர் எண்ணைக் காட்டும் திரை, சராசரி மைலேஜ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று வேகத்தை நம்பி இயங்குபவை கூடிக்கொண்டே போகின்றன. ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லை மாற்றினால் இவற்றில் எது ஏமாறும், எது ஏமாறாது? கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் பைக் தன் வேகத்தை ஸ்ப்ராக்கெட்டுக்கு எந்தப் பக்கம் நின்று எண்ணுகிறது? கியர்பாக்ஸ் பக்கமா, சக்கரத்தின் பக்கமா?

பல்லின் கணக்கு

கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டில் முன் ஸ்ப்ராக்கெட். பின் சக்கரத்தில் பின் ஸ்ப்ராக்கெட். பின்னால் உள்ள பற்களை முன்னால் உள்ள பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் இறுதி விகிதம். நம் சாலைகளில் பலர் இந்த மாற்றத்தைச் செய்து பார்த்த கே.டி.எம். 390 டியூக்கையே எடுத்துக்கொள்வோம். 2013-ல் இந்தியாவில் அறிமுகமான இந்த பைக்கில் முன்னால் 15, பின்னால் 45 பல். விகிதம் சரியாக 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று.

முன்னால் 15-ஐக் கழற்றி 14 போட்டால் விகிதம் 3.21 ஆகிறது. 7 சதவீத மாற்றம். இதே மாற்றத்தைப் பின்பக்கத்தில் கொண்டுவர 45-க்குப் பதில் 48 போட வேண்டும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். முன் ஸ்ப்ராக்கெட்டில் “ஒரு பல்தானே” என்று சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கணக்கு சாலையில் எப்படித் தெரியும்? முதல் கியரில் 3,000 ஆர்.பி.எம்.மில் 15 பல் வண்டி மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் போகும் என்றால் 14 பல் வண்டி 15 கி.மீ.யில் போகும். ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பின் சக்கரத்துக்கு வந்துசேரும் இழுவிசை எல்லா கியரிலும் 7 சதவீதம் கூடிவிடுகிறது. 373 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின், 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே முரண்டு பிடிக்கும். செயின் இழுத்து இழுத்து விடும். கிண்டி மேம்பாலத்தின் அடியில் மாலை ஆறரை மணிக்கு ஊர்ந்திருந்தால் அந்த வலி தெரியும். 14 பல் போட்டவர் அங்கே ஹாஃப் கிளட்ச்சில் தொங்குவது குறைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், முதல் கியருக்கு இறங்கவேண்டிய இடத்தில் இரண்டாவது கியரிலேயே வண்டி திரும்பி எழுந்துவிடுகிறது. பின்னால் ஆளும் பையும் இருந்தால் இந்த உதவி இன்னும் பெரிது.

விலை நெடுஞ்சாலையில் கட்டப்படுகிறது. ஆறாவது கியரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு 15 பல்லில் இன்ஜின் ஏறத்தாழ 5,800 ஆர்.பி.எம். சுற்றுகிறது. 14 பல்லில் 6,250 வேண்டும். உளுந்தூர்பேட்டை தாண்டியும் நிற்காமல் ஓட்டுகிறவருக்கு இந்த 450 ஆர்.பி.எம். கைப்பிடியிலும் கால்மிதியிலும் அதிர்வாக ஏறும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீர்ந்துபோவதால் கால் ஓயாது.

சரி, அப்படியென்றால் முன்னால் 16 போட்டு எதிர்த்திசையில் போகலாமா? இன்ஜின் நிதானமாகச் சுற்றும், 100 கி.மீ.க்கு 5,450 போதும். ஆனால் உச்ச வேகம் கூடும் என்று நம்பி இதைச் செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். கடைசி கியரில் 10,000 ஆர்.பி.எம். சுற்றினால் 15 பல்லில் 171 கி.மீ., 16 பல்லில் 183 கி.மீ. என்று தாளில் கணக்கு வரும். அந்த வேகத்தில் காற்று கொடுக்கும் எதிர்ப்பை வெல்லும் சக்தி இன்ஜினில் இருந்தால்தானே தாளின் கணக்கு சாலையில் நடக்கும்? எதிர்க்காற்றில் ஆறாவது கியர் இழுக்க முடியாமல் ஐந்துக்கு இறங்கி ஓட்டும் நிலை வரும். சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுக்கொண்டு மேட்டில் மிதிப்பவருக்கு நேர்வதுதான் இது.

ஏற்கெனவே இழுவை மிகுந்து, நிதானமாகச் சுற்றும் இன்ஜின்களுக்கு இந்தத் திசை பொருந்தும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுகளில் நெடுந்தூரப் பயணிகள் 17, 18 என்று முன்பல்லை ஏற்றிக்கொண்டது வீண் ஆசையில்லை. அந்த வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்ச் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை மாற்ற கிளட்சையே கழற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் மாற்றினார்கள் என்றால் பலன் இருந்தது என்று அர்த்தம்.

செயின் படும் பாடு

மின்னணுவியலுக்குப் போகும் முன் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பைக்குகளில் ஓடும் ரோலர் செயினுக்கு வடிவம் கொடுத்தவர் ஹான்ஸ் ரெனால்ட். 1880-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். இன்று இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ரோலான் செயின் ஸ்ப்ராக்கெட் கிட் கோவையின் எல்.ஜி.பி. நிறுவனத்துடையது. முருகப்பா குழுமத்தின் டைமண்ட் செயின் சென்னை அம்பத்தூரோடு சேர்த்தே அறியப்படுவது. மெக்கானிக் கேட்கும் “428-ஆ, 520-ஆ?” என்பதில் முதல் இலக்கம் செயினின் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு உள்ள தூரம், எட்டில் ஒரு அங்குலக் கணக்கில். 4 என்றால் அரை அங்குலம், 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம். செயின் எதுவோ, ஸ்ப்ராக்கெட்டும் அதே எண்ணில்தான் வாங்க வேண்டும்.

செயின் வட்டமாகச் சுற்றுவது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரு பலகோணத்தைச் சுற்றுகிறது. ஆகவே ஸ்ப்ராக்கெட் சீராகச் சுழன்றாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லிலும் சற்றே ஏறி இறங்கும். 15 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 2.2 சதவீதம், 14-ல் 2.5, 13-ல் 2.9. பல் குறையக் குறைய செயின் கூர்மையாக மடங்குகிறது, அதிர்கிறது, தேய்கிறது. இன்னொன்று: செயினின் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படை. முன் ஸ்ப்ராக்கெட் ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் உள் கண்ணியையும் வெளிக் கண்ணியையும் மாறி மாறிச் சந்திக்கும். 14 போன்ற இரட்டைப்படையில் ஒரே பல் ஒரே வகைக் கண்ணியையே ஆயுள் முழுக்கச் சந்திக்கும். அதனால் தேய்மானம் சமமாகப் பரவாது.

சிறிய முன் ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின் ஸ்விங் ஆர்மை நெருங்கும். அங்குள்ள ரப்பர் கட்டை சீக்கிரம் அறுபடும். கவனிக்காமல் விட்டால் அடுத்து அறுபடுவது ஸ்விங் ஆர்ம். அதே செயினோடு ஒரு பல் குறைத்தால் பின் சக்கரம் சுமார் 4 மி.மீ. பின்னால் போகும். பின்னால் மூன்று பல் கூட்டினால் 12 மி.மீ. முன்னால் வரும், அட்ஜஸ்டரில் இடம் இல்லையென்றால் நீளமான செயின் வாங்க வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் நின்று எண்ணுகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஸ்ப்ளெண்டர் போல முன் சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக மீட்டர் ஓடும் பைக்கில் எத்தனை பல் மாற்றினாலும் மீட்டர் உண்மையைத்தான் சொல்லும். முன் சக்கரத்துக்கும் செயினுக்கும் சம்பந்தமே இல்லை.

சில பைக்குகளில் வேக சென்சார் இருப்பது இன்ஜினில், முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பக்கத்தில் அல்லது கியர்பாக்ஸுக்குள். சுசுகி ஹயபுசாவின் முதல் தலைமுறையில் முன் ஸ்ப்ராக்கெட் மூடியிலேயே சென்சார் உட்கார்ந்திருக்கும். 2011-ல் இங்கே வந்த ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர் பைக்கிலும் இன்ஜின் பக்கம் நின்றே வேகம் எண்ணப்படுகிறது. இந்த சென்சாருக்குத் தெரிவது கியர்பாக்ஸ் தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும். அதற்கு அப்பால் எத்தனை பல் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. தொழிற்சாலை சொல்லிக்கொடுத்த விகிதத்தை வைத்தே பெருக்கி வேகம் சொல்கிறது. 15-ஐ 14 ஆக்கினால், இதுவரை மீட்டர் சரியாகவே காட்டிவந்தது என்று வைத்துக்கொண்டால், திரையில் 100 என்று வரும்போது உண்மை வேகம் 93.

ஓடோமீட்டரும் அதே கணக்கில் ஓடும். மீட்டரில் 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி ஓடியது 9,333 கி.மீ. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் மைலேஜ். லிட்டருக்கு 35 கி.மீ. கொடுக்கும் வண்டி, மீட்டர் கணக்குப்படி 37.5 கொடுப்பதாகக் காட்டும். இன்ஜின் அதிகமாகச் சுற்றி அதிகமாகக் குடித்துக்கொண்டிருக்க, ஓட்டுபவர் “பல் மாத்தினதும் மைலேஜ் கூடிருச்சு அண்ணே” என்று மெக்கானிக்கிடம் மனதாரச் சொல்கிறார். மெக்கானிக் அதையே அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்கிறார். ஸ்ப்ராக்கெட் பற்றிய வாய்மொழிப் பேச்சுகளில் பாதி இப்படிக் கிளம்பியவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்த்திசை ஆபத்தானது. சி.பி.ஆர். 250ஆரில் 14-க்குப் பதில் 15 போட்டால், அதே மீட்டர் எண்ணில் வண்டி 7 சதவீதம் வேகமாகப் போகும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. அதனால் உற்பத்தியாளர்கள் பொதுவாகவே மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைக்கிறார்கள். சி.பி.ஆர். ஓட்டியவர்களுக்கு அந்த ஒரு பல் இந்தக் கூடுதலை விழுங்கி, மீட்டரை உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. எல்லா பைக்குக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. கூடுதல் குறைவாக வைத்த பைக்கில் மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 84-ல் போய்க்கொண்டிருக்கலாம். சாலையோர வேகக் கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது வகை, இன்று பெருகிவரும் வகை: ஏ.பி.எஸ். வளையத்தைப் பார்க்கும் சக்கர சென்சாரிலிருந்தே வேகத்தை எடுத்துக்கொள்பவை. இங்கே எண்ணிக்கை ஸ்ப்ராக்கெட்டுக்கு அப்பால், சக்கரத்தின் பக்கம் நடக்கிறது. எனவே வேகம், தூரம், மைலேஜ் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் வேறொரு கணக்கு பிசகும்: இன்ஜின் ஆர்.பி.எம்.முக்கும் வேகத்துக்கும் இடையிலான விகிதம். கியர்பாக்ஸ் பக்கம் எண்ணும் பைக்கில் இந்த விகிதம் மாறுவதே இல்லை, வேகம்தான் பொய். சக்கரத்தின் பக்கம் எண்ணும் பைக்கில் வேகம் உண்மை, விகிதம் மாறிவிடுகிறது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று நிச்சயம் நகரும்.

விகிதம் மாறினால் யாருக்கு நஷ்டம்? ஆர்.பி.எம்.மை வேகத்தால் வகுத்து “இது நாலாவது கியர்” என்று ஊகிக்கும் கருவிகளுக்கு. வெளியே வாங்கிப் பொருத்தும் கியர் இண்டிகேட்டர்களில் பல இந்த வகை. 390 டியூக்கின் ஐந்தாவது, ஆறாவது கியர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 14 சதவீதம். ஒரு பல்லைக் குறைத்தால் வரும் 7 சதவீதம் அதில் சரிபாதி. ஊகிக்கும் கருவிக்கு, ஆறாவது கியர் ஐந்துக்கும் ஆறுக்கும் நட்டநடுவில் இருப்பதாகத் தெரியும். எண் மாறி மாறித் துடிப்பதைப் பார்த்து சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை. கருவிக்குக் கியர்களை மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும். 390-ல் கம்பெனியே கொடுத்த திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கியர்பாக்ஸில் உள்ள சென்சாரிடம் நேரடியாகக் கேட்டு எண்ணைக் காட்டுகிறது.

ஏ.பி.எஸ். பாதிக்கப்படுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பாதிக்கப்படாது. அது இரண்டு சக்கரங்களின் சுழற்சியைப் பார்க்கிறது, செயினைப் பார்ப்பதில்லை. ஸ்ப்ராக்கெட்டைவிட, அளவு மாறிய டயர்தான் அதைக் குழப்பும். முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிடும் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் இதே பதில். ஆனால் ஆர்.பி.எம். ஏறும் வேகத்தையும் கியரையும் சேர்த்துப் பார்க்கும் நுட்பமான அமைப்புகளுக்கு இறுதி விகிதம் தெரிந்தாக வேண்டும். டுகாட்டி பானிகாலே வி4 போன்ற பைக்குகளில் டயரையும் இறுதி விகிதத்தையும் மாற்றினால் பதிவு செய்துகொள்ள மெனுவிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். க்விக் ஷிஃப்டருக்குக் கவலையில்லை. கியர்களுக்கு இடையிலான விகிதத்தை ஸ்ப்ராக்கெட் தொடுவதில்லை. க்ரூஸ் கன்ட்ரோல், கியர்பாக்ஸ் பக்கம் எண்ணும் பைக்காக இருந்தால், தவறான வேகத்தை மிக ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பில் யாரும் பேசாத ஒன்று உண்டு: இன்ஜின் பிரேக்கிங். பல்லைக் குறைத்தால் இழுவிசை கூடுவதைப் போலவே, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் விசையும் 7 சதவீதம் கூடும். மழையில் கியரை மளமளவென்று இறக்கினால் பின் சக்கரம் வழுக்கலாம். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நம்ப முடியாது. அது பிரேக்கின் அழுத்தத்தைத்தான் தளர்த்தும், இன்ஜின் இழுப்பதை அதனால் தளர்த்த முடியாது. ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் ஓரளவு காப்பாற்றும். இல்லாத பைக்கில், முக்கியமாக நவம்பர் மாதச் சாலையில், பல் மாற்றிய முதல் வாரம் கையும் காலும் நிதானமாக இருக்கட்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து முதல் கியரில் மெதுவாகச் சுழலவிடுங்கள். விரலும் துணியும் செயினுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றால் வேகம் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. எண் ஏறினால் பின் சக்கரத்திலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ வருகிறது; சர்வீஸ் மேனுவலில் வேக சென்சார் இருக்கும் இடத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையின்போது ஏ.பி.எஸ். விளக்கு எரியலாம். ஒரு சக்கரம் சுற்றி மறு சக்கரம் நின்றால் அது சந்தேகப்படுவது இயல்பு. பெரும்பாலும் வண்டியை அணைத்துப் போட்டுக் கொஞ்சதூரம் ஓட்டினால் போய்விடும்.

கியர்பாக்ஸ் பக்கம் எண்ணும் பைக் என்றால் மீட்டரைத் திருத்தக் கருவிகள் இருக்கின்றன. ஹங்கேரியின் ஹீல்டெக் நிறுவனம் செய்யும் ஸ்பீடோஹீலர் இவற்றில் பிரபலமானது. சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, வரும் பல்ஸ்களை நாம் சொல்லும் சதவீதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். 15-லிருந்து 14-க்குப் போனால் 6.7 சதவீதம் குறைக்க வேண்டும். ஜி.பி.எஸ். வேகத்தோடு, நேரான சாலையில், சீரான வேகத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். அதே ஒயரிலிருந்து இ.சி.யூ.வும் வேகத்தைப் படிக்கிறதா என்று பார்த்தபிறகே பொருத்த வேண்டும். படிக்கிறது என்றால், மீட்டரைத் திருத்தப்போய் இதுவரை மாறாமல் இருந்த விகிதத்தை நாமே மாற்றிவிடுகிறோம்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ ஸ்ப்ராக்கெட் மாற்றுவது அன்றாட வேலை. மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவில் கடைசி கியர் தீரும் தறுவாயில் இருக்க வேண்டும் என்பதே குறி. அதற்காகப் பின்பல்லில் ஒன்று, இரண்டு கூட்டிக் குறைப்பார்கள். ரேஸ் வண்டிக்கு மைலேஜ் வேண்டாம், ஓடோமீட்டர் வேண்டாம், மறுவிற்பனையில் கிலோமீட்டர் பார்க்க வருகிறவர் இல்லை. சாலை வண்டிக்கு இவை எல்லாமே வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நகரத்திலும் மலையிலும் ஓடும் 390 போன்ற வண்டிக்கு முன்னால் ஒரு பல் குறைப்பது நியாயமான மாற்றம். செலவைத் தாங்க முடிந்தால் முன்னால் 15-ஐ விட்டுவிட்டுப் பின்னால் 48 போடுவது செயினுக்கு இன்னும் நல்லது. 13-க்கு இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாதம் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவர் கம்பெனி கொடுத்ததைத் தொடாமல் இருப்பதே சரி. வாரன்ட்டி காலத்தில் மாற்றினால், பின்னாளில் கியர்பாக்ஸ் சம்பந்தமான கோரிக்கையை நிறுவனம் மறுக்க இடம் கொடுக்கிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உற்பத்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். லட்சக்கணக்கில் விலை வாங்கும் பைக்குகளில் வண்ணத் திரையும் ப்ளூடூத்தும் தருகிறீர்கள். வேக சென்சார் எங்கே இருக்கிறது என்பதை ஓனர்ஸ் மேனுவலில் ஒரு வரியில் எழுதுங்கள். இறுதி விகிதத்தை மாற்றிப் பதிய மெனுவில் ஓர் இடம் கொடுங்கள். மெக்கானிக் அண்ணன்மார்களே, போட்ட பல்லின் எண்ணிக்கையைப் பில்லில் குறித்துக் கொடுங்கள். பழைய பைக் வாங்கப் போகிறவர்கள், மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்பி விலை பேசும் முன், ஸ்ப்ராக்கெட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு, கம்பெனி எண்ணோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.